வட்டத்துக்கு வெளியே தித்திலியாவின் தோட்டம்

அன்பு மருமகன் செமிசிக்கு,

நாசிலிவா ஊரிலிருந்து உன் தாய்மாமன் எமோசி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளும் எனக்குச் சொன்னபடி கேட்கின்றன. சூவாவில் நீயும், உன் ஆபீசும், அந்த ஆபீசில் உன்னைக் குளிரவைக்கும் மெஷினும் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயிலில் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். போன ஞாயிறு மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்பாய். பண்ணினேன், நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பாய். நானும் மீட்டிங்கில் உட்கார்ந்தவன்தான், அங்கே எவனும் ஒரு வேலையும் செய்வதில்லை என்று எனக்கும் தெரியும். சரி, போகட்டும். எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவன் நான். ஒன்பதாம் வகுப்பு உன்னைத் தாங்காது எமோசி என்று வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் படிப்பை வைத்துக்கொண்டு படி.

மழை ஓய்ந்த மாதத்தில் நீ அந்த ரிசார்ட் மேனேஜரம்மா கார்லாவோடு படகில் வந்து இறங்கினாயே, அன்றைக்கு ஆரம்பித்தது இது. ஊர்க் கூடத்தில் பாய் விரித்தோம், காவா வேரை இடித்துக் குடிக்கக் கலக்கினோம், தலைவர் நடுவில் உட்கார்ந்தார். அவருக்காகப் பேசும் வாயாக நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், பரம்பரையாக எங்கள் வீட்டு வேலை அதுதானே. நீ வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டாய். குற்றம் சொல்லமுடியாத வட்டம், தேங்காயைக் கவிழ்த்து வரைந்தது போல. பொருளாதாரம் என்றாய், சுழற்சி என்றாய், கழிவு என்று உலகத்தில் ஒன்று கிடையவே கிடையாது என்றாய். கூடத்தில் ஒரு ஜீவனுக்கும் புரியவில்லை. பின்வரிசைக் கிழவர் ஒருவர் குறட்டையே விட்டார். அப்போதுதான் உன் மாமன் எழுந்தேன். எழுந்து நான் விளக்கிய விளக்கத்தில் பாதிப் பேர் அழுதார்கள், வெளியே கட்டியிருந்த படகே ஒருமுறை ஆடி நின்றது. என்ன சொன்னேன்? "நாம கொடுக்கறது ரிசார்ட்டுக்குப் போகும், ரிசார்ட் கொடுக்கறது நமக்கு வரும், இது நிக்காது, நம்ம மருமகன் போட்டது, தப்பாது" என்றேன். ஊரே கையைக் குவித்துத் தட்டியது. நீ அப்போது என்ன செய்தாய்? சிரித்தாய். "மாமா, நான் அப்படிச் சொல்லலையே" என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லவில்லை. கை தட்டிய பிறகு எங்கள் ஊரில் பேச்சைத் திரும்பப் பெறமுடியாது என்று உனக்குத் தெரியாதா?

நீ வட்டம் போடுவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று பலகையில் எழுதினாயா? நான் எழுதுகிறேன். ரிசார்ட் சமையல்கட்டில் மிஞ்சியதை நம் பெண்கள் வேலை முடிந்து வரும்போது வாளியில் கொண்டுவருவார்கள், அதை நம் பன்றிகள் தின்னும். அந்தப் பன்றியை ரிசார்ட்டே வாங்கி, மண்ணைத் தோண்டிக் கல்லைச் சுட்டு வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போடும். கிழிந்த படுக்கை விரிப்புகளில்தான் நம் பாடகர் குழுவுக்குச் சட்டை தைத்தோம். ஈஸ்டர் அன்று நாங்கள் பாடியதைக் கேட்டு லௌட்டோக்காவிலிருந்து வந்த போதகர், இது பட்டுத்துணியா என்று சட்டையைத் தொட்டுப் பார்த்தார். உன் அம்மா தித்திலியா தன் தோட்டத்துக் கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் பேலே கீரையையும் கழுவிக் கூடையில் அடுக்கி, காலையில் சமையல்கட்டுக் கதவில் வைப்பாள். உன் அப்பா போனபிறகு எங்களிடமே திரும்பி வந்தவள், அண்ணன்மார் கொடுத்த அந்தத் துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை ஒருவரிடமும் கை நீட்டாமல் நிற்கிறாள். என்னிடமும் நீட்டியதில்லை. நீட்டியிருந்தால் கொடுத்திருப்பேன், அது வேறு விஷயம்.

இப்போது? மிச்சச் சோறு ரிசார்ட் வேலியைத் தாண்டக்கூடாது. அவர்களே பன்றி வளர்க்கிறார்கள், மிச்சம் அதற்கு. பன்றிச் சாணம் அவர்கள் தோட்டத்துக்கு, தோட்டத்துக் காய் அவர்கள் சமையல்கட்டுக்கு. கிழிந்த விரிப்பைப் பையாகத் தைத்துக் கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள், எங்கள் பாடகர் குழு மறுபடி முழங்கை தெரியப் பாடுகிறது. பியர் பாட்டிலைக்கூட நொறுக்கி மணலாக்கிவிடுகிறார்கள். கடற்கரை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு மணல் செய்கிறார்கள் மாப்ளே! என்னையே வாசலில் நிறுத்திச் சட்டைப்பையில் என்ன என்று கேட்டார்கள். ஒரு துண்டு கேக். பிறந்தநாள் கொண்டாடிய ஒரு கிழவி, என் பேச்சில் மயங்கிக் கொடுத்தது. அது வட்டத்துக்குச் சொந்தம் என்று வாங்கிப் பன்றிக்குப் போட்டார்கள். என் கண்ணெதிரே அந்தப் பன்றி அதைத் தின்றது, அப்போது அது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

உன் அம்மா கூடையோடு போன அன்று கார்லாவே கதவுக்கு வந்தாளாம். உன் அத்தையும் கூடப் போயிருந்தாள், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தித்திலியா, உங்க காய் மாதிரி காய் நான் சிட்னியிலகூட பார்த்ததில்ல. ஆனா வட்டம் மூடிடுச்சு."

"மூடட்டும்மா. கத்தரிக்காயை எங்க வைக்கட்டும்?"

"இல்ல, நாங்களே பயிர் பண்றோம். எங்க உரம், எங்க செடி."

"நல்லது. எங்க வைக்கட்டும்?"

"வெளியிலேர்ந்து எதுவும் உள்ள வரக்கூடாது. அதான் கொள்கை. உங்க பையன் போட்ட திட்டம்தானே?"

"வெளியிலேர்ந்து எதுவும் வரக்கூடாதுன்னா, ஏரோப்ளேன்ல வர்றாங்களே விருந்தாளிங்க, அவங்களையும் இங்கயே வெதச்சு வளர்க்கறீங்களா?"

கார்லா விழுந்து விழுந்து சிரித்தாளாம், உன் அம்மாவைக் கட்டிப்பிடித்தாளாம், கதவைச் சாத்திக்கொண்டாளாம். மூன்றையும் அன்பாகவே செய்தாள் என்கிறாள் அத்தை.

அன்றிலிருந்து வீட்டில் காலையில் கத்தரிக்காய், மத்தியானம் கத்தரிக்காய், ராத்திரி ஜெபத்துக்குப் பிறகு கத்தரிக்காய். உன் அம்மா நிறுத்தமாட்டேன் என்கிறாள். வாங்க ஆளில்லாத காயை விடிந்ததும் பறித்து, கழுவி, அடுக்குகிறாள். பயறு முற்றி விறகாகிப் போச்சு. அண்ணன் தங்கை முகத்துக்கு முகம் பேசுவது நம் வழக்கத்தில் இல்லை அல்லவா, அதனால் அவள் எனக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் என் வாசலுக்கு வந்து என் நாயிடம் சொல்கிறாள்.

"டேய் கேப்டன், உன் எஜமானன் கூடத்துல எழுந்து நின்னு என்னடா சொன்னாரு? கொடுத்தது திரும்பி வரும்னாரே, எந்தப் படகுல வருதாம்? கேட்டுச் சொல்லுடா."

நான் உள்ளேயிருந்து நாய்க்குப் பதில் சொன்னேன்: "கேப்டன், இதெல்லாம் பெரிய விஷயம், கொஞ்சம் பொறுக்கணும்னு சொல்லு."

"கேப்டன், பயறு பொறுக்காதுன்னு சொல்லுடா. அப்புறம் இன்னொண்ணு. பெத்த பையன் வட்டம் போட்டானாம், தாய்மாமன் கை தட்டினாராம், நடுவுல நான் எங்க நிக்கறதுன்னு ஒரு புள்ளி வெச்சாங்களான்னும் கேளு."

நாய் என்னைப் பார்த்தது. நான் கூரையைப் பார்த்தேன். இதற்கு நீ பதில் சொல்லு. நீ எங்கள் ஊருக்கு வாசு. சகோதரி மகன் தாய்மாமன் ஊரில் கண்ணில் பட்டதை எல்லாம் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், யாரும் வாய் திறக்கக்கூடாது. சின்னப் பிள்ளையில் என் கோழியை எடுத்தாய், என் புது வலையை எடுத்தாய், என் கல்யாணச் சட்டையைக் கல்யாணத்துக்கு முதல்நாள் எடுத்தாய், எல்லாவற்றுக்கும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். பெற்றவள் வயிற்றுப்பாட்டை ஒரு பென்சிலால் எடுத்துக்கொண்டு போவாய் என்று எந்தப் பாட்டனும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதற்கு நடுவில் நம் தலைவர் கண்ணை மூடினார். உனக்குத் தந்தி போல ஒரு செய்தி அனுப்பினேன், நீ அழும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினாய். அவர் சாவுக்குப் பக்கத்துத் தீவுகள் எல்லாம் பாயும் எண்ணெயும் துணியுமாக வந்து இறங்கின. வந்த ஜனத்துக்குப் பன்றி வெட்டிப் போடவேண்டாமா? ஊரில் பன்றி ஏது? வாளி நின்றபிறகு தீனி இல்லாமல் எல்லாம் முதுகெலும்பு தெரிய நின்று, விற்றதும் செத்ததும் போகக் கொட்டில் காலி. கொழுகொழுவென்று பன்றி இருந்தது இந்தத் தீவிலேயே ஓர் இடத்தில்தான். ஊர்ப் பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலைவர் வீட்டுத் திமிங்கிலப் பல்லை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எப்பேர்ப்பட்ட பல்! உன் கொள்ளுத்தாத்தா காலத்தில் இதைக் கொடுத்துத்தான் ஒரு சண்டையையே நிறுத்தினார்கள். அதை ஒருவர் கையில் வாங்கினால், கேட்டதைக் கொடுத்தேன் என்று அர்த்தம்; தரமுடியாது என்றால் வாங்கவே கூடாது. சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ரிசார்ட் முன்வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்து பேசினேன் பார், அப்படி ஒரு பேச்சு இந்தத் தீவு கேட்டதில்லை. தலைவரின் வம்சம், கடல், காற்று, துக்கம், கடைசியில் பன்றிகள், எல்லாம் முறைப்படி, பழைய வார்த்தைகளில். விருந்தாளிகள் கூடிவிட்டார்கள். ஒரு அம்மாள் மயங்கியே விழுந்தாள்; வெயில் என்றார்கள், நான் நம்பவில்லை. முடித்ததும் கார்லாவுக்காக இங்கிலீஷில் சுருக்கிச் சொன்னேன்: "எங்க மனசு பாரமா இருக்கு. இது உங்களுக்கு." பன்றியை இங்கிலீஷில் சொல்லவில்லை. அவ்வளவு கம்பீரமான பேச்சுக்குப் பிறகு மறுபடியும் பன்றியை இழுப்பது மரியாதையா? அவள் இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சில் வைத்து, கண் கலங்கினாள். வாங்கியாச்சு. நம் ஆட்கள் பின்பக்கம் போய்ப் பன்றிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு குட்டியைக்கூட விடவில்லை, கேட்டது எல்லாவற்றையும்தானே.

சாவுச் சாப்பாட்டுக்கு அவளும் வந்தாள். கறுப்பு உடுத்தி, எல்லாரையும் போலப் பாயில் உட்கார்ந்து, கண் துடைத்து, நன்றாகச் சாப்பிட்டாள். "எமோசி, இந்தக் கறி எவ்ளோ மெதுவா இருக்கு! என்ன தீனி போடறீங்க?" என்று கேட்டாள். "நல்ல இடத்து மிச்சம்" என்றேன். பொய்யா?

மறுநாள்தான் கொட்டிலைப் பார்த்திருக்கிறாள். என் வீட்டுக்கு வந்த வேகத்தில் கேப்டன் குரைக்கவே மறந்துவிட்டது.

"எமோசி! என் பன்றிங்க எங்க?"

"பாதி உங்க வயித்துலயும் இருக்கும்மா."

"விளையாடாதீங்க. யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"உங்களைத்தான். பல்லை வாங்கினீங்களே."

"அது பரிசுன்னு நினைச்சேன்! முன்வாசல் சுவர்ல மாட்டி, கீழ லைட்டு வேற போட்டிருக்கேன்!"

"லைட்டு போட்டீங்களா? அப்ப ரொம்ப சந்தோஷமாத்தான் கொடுத்திருக்கீங்க."

அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். பாவமாகத்தான் இருந்தது. பன்றி இல்லாத வட்டம் என்ன வட்டம்? மிச்சம் மலையாகக் குவிந்தது. இறால் தலை, பப்பாளித் தோல், காலையில் வெள்ளைக்காரர்கள் கடித்துவிட்டு வைக்கும் ரொட்டி, எல்லாம் வெயிலில் பொங்கி, காற்று திரும்பினால் நீச்சல் குளத்தில் இருப்பவர்கள் முங்கிக்கொள்கிறார்கள். ஈ என்றால் ஈ, என் கோழியையே ஒரு ஈ விரட்டியதைப் பார்த்தேன். இந்த அழகில் மெல்போர்னிலிருந்து பச்சைச் சான்றிதழ் கொடுக்கும் ஆட்கள் இரண்டு பேர் வட்டத்தைப் பார்க்க வந்து இறங்கியிருக்கிறார்கள். பன்றிகள் எங்கே என்று கேட்டதற்கு, "ஊர்ப் பக்கம் போயிருக்கு" என்றாளாம் கார்லா. இந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்ததில் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே மருமகனே, இப்போது நிலைமை நம் கையில். நாளைக் காலையில் பேச வரச்சொல்லி எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறேன். ஒரே ஒரு வார்த்தைதான் பேசப்போகிறேன்: தித்திலியாவின் தோட்டம் வட்டத்துக்குள்ளே வரவேண்டும், வராவிட்டால் இந்த ஊரிலிருந்து வேலைக்கு ஓர் ஆள், ஒரு பாட்டு, ஒரு புன்னகைகூட ரிசார்ட்டுக்குப் போகாது. நீயும் உடனே வா. வந்து அந்தப் பலகையில் போட்டதை உன் கையாலேயே அழித்து, உன் அம்மா நிற்கும் இடத்தைச் சேர்த்துப் போடு. வரமுடியாது என்றால் இனிமேல் இந்த ஊருக்கு வரவே வேண்டாம். வாசு என்று சொல்லிக்கொண்டு என் கொடியில் காயும் ஒரு கோவணத்தைக்கூட எடுக்க விடமாட்டேன். படித்தவன் என்று உன்னைப் பற்றிப் பெருமை பேசிய இடத்தில் எல்லாம் மறுபடி போய்த் திருத்திச் சொல்லிவிட்டு வருவேன், நடக்க முழங்கால் விடாவிட்டாலும் தவழ்ந்தாவது போவேன்.

கர்த்தர் உன் மேஜையையும் உன் நாற்காலியையும் அதில் உட்காரும் உன்னையும், அந்த வரிசையிலேயே ஆசீர்வதிப்பாராக. அத்தை முத்தம் சொல்கிறாள். உன் அம்மா காய் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

எந்நாளும் உன் நன்மையையே நினைக்கும்,
தாய்மாமன் எமோசி
(ஊரின் வாய்)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். திட்டியதையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். நீ வரவேண்டாம். காலையில் போய்ப் பேசினேன், மாபெரும் வெற்றி. நான் வாயைத் திறந்து தோட்டம் என்று சொன்னதுதான் தாமதம், கார்லா துள்ளி எழுந்து, "எமோசி, நானும் ராத்திரி பூரா அதைத்தான் நினைச்சேன்! தித்திலியா தோட்டம் வட்டத்துக்குள்ள!" என்றாள். நான் ஊர் சார்பாக நன்றி சொல்லி மூன்று முறை கை தட்டிவிட்டேன். மெல்போர்ன்காரர்கள் போட்டோ எடுத்தார்கள், நன்றாக விழுந்திருப்பேன். அதன்பிறகுதான் படத்தைக் காட்டினாள். சமையல்கட்டு மிச்சத்தை எல்லாம் டிராக்டரில் கொண்டுவந்து உன் அம்மா தோட்டத்தில்தான் கொட்டப்போகிறார்கள். விருந்தாளிகள் மூக்குக்கு எட்டாத இடம், அங்கேயிருந்து காற்று அவர்கள் பக்கம் அடிக்காது, தீவிலேயே அதுதான் பொருத்தமாம். எல்லாம் மட்கி மண்ணாகும்வரை இரண்டு பருவம் அதில் எதுவும் நடக்கூடாது. படத்தில் தோட்டத்துக்குள்ளே போகும் அம்பு பச்சையில் அழகாக இருக்கிறது. தோட்டத்திலிருந்து திரும்பி வரும் அம்பு எங்கே என்று கேட்டேன். அதைப் பிறகு வரைந்துகொள்ளலாம் என்றாள். நான் கை தட்டியாகிவிட்டது. உனக்கே தெரியும்.

டிராக்டர் வியாழக்கிழமை வருகிறது. நான் இன்னும் படகுத்துறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அத்தையிடம் சொல்லச் சொன்னேன், "உங்க வாயி, நீங்களே சொல்லுங்க" என்று போய்விட்டாள். உன் அம்மாவிடம் நான் நேரே பேசக்கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வழக்கத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நல்ல செய்தியோடுதான் வருவேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், அது நானாகத்தான் இருக்கும். இன்று இரண்டு கூடை பறித்து, மேலே ஈரத்துணி போர்த்தி வாசலில் வைத்திருக்கிறாள். இதைப் படகுக்காரனிடம் கொடுக்கிறேன். கையில் கிடைத்ததும் நீயே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. நான் சொன்னதாகச் சொல்லாதே. நீ சொன்னால் திட்டுவாள். நான் சொன்னால் ஒன்றும் சொல்லமாட்டாள், செமிசி. அதுதான் பயம்.